தனியாளாகக் கேட்க முடியாதவை

அரசு வேலை எடுத்துச் செய்கிற எந்த ஒப்பந்ததாரரும் பில் பாஸ் பண்ணுகிற அதிகாரியிடம் சண்டைக்குப் போக மாட்டார். வேலை முடிந்திருக்கும், அளவெடுத்து எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் ஏற்றியும் ஆகியிருக்கும், பணம் மட்டும் மாதக்கணக்கில் வந்திருக்காது. கம்பிக் கடையில் பாக்கி நிற்கும், மேஸ்திரி சனிக்கிழமை வாரக்கூலி கேட்டு வந்து நிற்பார், வங்கியில் ஓவர்டிராஃப்ட் வட்டி ஓடும். இருந்தாலும் அலுவலகத்துக்குப் போனால் "சார், கொஞ்சம் பார்த்து முடிச்சுக் குடுங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஏனென்றால் அடுத்த பில்லும் அதே மேசைக்குத்தான் போயாக வேண்டும்.

சிமெண்ட் விஷயமும் இப்படித்தான். எங்கள் திருச்சியைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைக்குப் பஞ்சமே இல்லை. கல்லக்குடியில் 1939 முதல் ஆலை ஓடுகிறது. அரியலூர்ப் பக்கம் போனால் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு வழிவிட்டே பாதி நேரம் போய்விடும். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் மூட்டைக்கு முப்பது ரூபாய் ஏறினால் எல்லா பிராண்டும் ஒன்றாகத்தான் ஏறும். டீலரிடம் காரணம் கேட்டால், "கம்பெனி ரேட் அண்ணே, என் கையில என்ன இருக்கு" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். மாதம் இருநூறு மூட்டை வாங்குகிற ஒரு ஆள் யாரிடம் போய்க் கேட்பது?

ஒப்பந்ததாரர் சங்கம் எதற்கு என்று இளைய தலைமுறை என்னிடம் கேட்கிறபோது இந்த இரண்டு இடங்களைத்தான் நான் காட்டுகிறேன். அவர்கள் பார்க்கிற சங்கம் வருடத்துக்கு ஒரு டைரியும், பொறியாளர் தினத்துக்கு ஒரு விழாவும், மேடையில் பொன்னாடையும்தான். சந்தா கட்டி என்ன ஆகப் போகிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் இருப்பது பில்டர்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் கிளை ஒன்றில். அப்பாவும் அதில்தான் இருந்தார். 1941-இல், உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எம்.இ.எஸ். என்கிற ராணுவப் பொறியியல் பிரிவுக்குக் கட்டட வேலை செய்த ஒப்பந்ததாரர்கள் கூடித் தொடங்கிய சங்கம் அது. இன்று தலைமையகம் மும்பையில் இருக்கிறது. கிளைகள் நாடு முழுக்க உண்டு, தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் உண்டு. பெரிய கட்டுமான நிறுவனமும் உறுப்பினர்தான், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டுகிறவரும் உறுப்பினர்தான். இந்த வித்தியாசத்தால் சங்கத்துக்குள் உரசல் வருவது உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சிமெண்ட் வழக்கைச் சொல்ல வேண்டும். எங்கள் சங்கம் செய்த காரியங்களிலேயே நான் அதிகம் மதிப்பது அதைத்தான்.

2010-இல் பில்டர்ஸ் அசோசியேஷன், சிமெண்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் மீதும் முன்னணி சிமெண்ட் நிறுவனங்கள் மீதும் இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்தது. நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு உற்பத்தியைக் குறைக்கின்றன, சந்தையில் சரக்குத் தட்டுப்பாட்டை உண்டாக்குகின்றன, பிறகு விலையை ஏற்றுகின்றன என்பதுதான் புகாரின் சாரம். ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட்டது. விலை, உற்பத்தி, சரக்கு அனுப்பிய கணக்கு எல்லாம் மாதவாரியாக எடுக்கப்பட்டன. 2010 நவம்பர், டிசம்பரில் ஆலைகளின் திறன் முழுதாகப் பயன்படுத்தப்படவில்லை, அடுத்து வந்த மாதங்களில் விலை ஏறியது, நிறுவனங்களின் விலை ஒன்றையொன்று ஒட்டியே நகர்ந்தது என்று ஆணையம் கண்டது. உற்பத்தியாளர் சங்கம் நிறுவனங்களிடம் விலை விவரம் திரட்டி வந்ததையும் அது கணக்கில் எடுத்தது. 2012 ஜூன் 20 அன்று உத்தரவு வந்தது. 11 நிறுவனங்களுக்குச் சேர்த்து ஏறத்தாழ 6,300 கோடி ரூபாய் அபராதம். அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டு நிறுவனங்கள் இரண்டு இருந்தன.

அன்று எங்கள் கிளையில் பேச்சு வேறு எதைப் பற்றியும் இல்லை. டீலர் கடையில் நின்று முணுமுணுத்ததோடு சரி என்று இருந்தவர்களுக்கு, அதே முணுமுணுப்பு ஓர் உத்தரவில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்க்க வியப்பாக இருந்தது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த உத்தரவை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்ட அமர்வில் இல்லாத ஆணையத் தலைவர் உத்தரவில் கையெழுத்திட்டார், கேட்டவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது காரணம். மறுபடி முதலிலிருந்து விசாரணை. 2016 ஆகஸ்ட் 31 அன்று ஆணையம் புதிய உத்தரவு போட்டது, இந்த முறை சுமார் 6,700 கோடி. 2018 ஜூலையில் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது. நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் போயின. அபராதத்தில் 10 சதவீதத்தைக் கட்டச் சொல்லி நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டது. இறுதித் தீர்ப்பு வரும்வரை நிறுவனங்கள் குற்றம் செய்தவை என்று முடிவாகச் சொல்ல நான் யாருமில்லை.

இந்த வழக்கால் மூட்டைக்கு எவ்வளவு குறைந்தது என்று ஒருவர் கேட்டார். குறையவில்லைதான். அபராதம் வந்தாலும் அது அரசு கஜானாவுக்குத்தான் போகும், எங்களுக்கு ஒரு பைசா வராது. அப்படியும் அத்தனை வருடம் வக்கீல் வைத்து, ஆவணம் திரட்டி, தோற்று, மறுபடி எழுந்து நடத்துவதற்கு எந்தத் தனி ஒப்பந்ததாரருக்குத் தெம்பு இருக்கிறது? இருந்தாலும், அடுத்த நாள் காலையில் அவருக்கு எந்த டீலர் கடனில் லோடு இறக்குவார்? பெயர் சொல்லாமல் ஆயிரம் பேர் பின்னால் நிற்க, சங்கத்தின் பதிவெண் மட்டும் முன்னால் போய் நின்றது. சங்கத்தின் பலம் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

விலை விஷயத்தில் தமிழ்நாட்டு அரசும் அவ்வப்போது கை வைத்துப் பார்த்திருக்கிறது. 2015-இல் அம்மா சிமெண்ட் மூட்டை 190 ரூபாய்க்கு வந்தது. 2021 நவம்பரில் அரசின் சிமெண்ட் நிறுவனமான டான்செம் 'வலிமை' என்ற பெயரில் 350, 365 ரூபாய்க்கு இரண்டு வகை கொண்டுவந்தது. வீடு கட்டுகிற சாமானியர்களுக்கு அவை உதவின. ஒப்பந்த வேலைக்கு வேண்டிய அளவைப் பார்த்தால் போதாதுதான்.

அடுத்தது வரி. இது எங்கள் ஊர்க்கதை என்றே சொல்லலாம், ஏனென்றால் இந்தச் சிக்கல் ஆரம்பித்ததே பழைய சென்னை மாகாணத்தில்.

ஒரு கட்டடம் கட்டிக் கொடுக்கிறோம். அதில் செங்கல், கம்பி, சிமெண்ட் இருக்கிறது; கொத்தனார், சித்தாள் கூலியும் இருக்கிறது. இதில் சரக்கு விற்பனை என்று எதைச் சொல்வது? சென்னை மாகாண அரசு 1947-இல் விற்பனை வரிச் சட்டத்தைத் திருத்தி ஒப்பந்த வேலையையும் வரிக்குள் கொண்டுவந்தது. கேனன் டங்கர்லி என்ற கட்டுமான நிறுவனத்தின் சென்னைக் கம்பெனி எதிர்த்து வழக்குப் போட்டது. 1958-இல் உச்ச நீதிமன்றம், கட்டட ஒப்பந்தம் என்பது பிரிக்க முடியாத ஒரே ஒப்பந்தம், அதற்குள் செங்கல் விற்பனை என்று தனியாக எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஒப்பந்ததாரர்கள் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் நிம்மதியாக இருந்தார்கள்.

பிறகு 1982-இல் அரசியல் சட்டத்தின் 46-ஆவது திருத்தம் வந்தது. ஒப்பந்த வேலையில் போய்ச்சேருகிற சரக்கை விற்பனையாகக் கருதி மாநிலங்கள் வரி போடலாம் என்று ஆனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட ஆரம்பித்தது. பில்டர்ஸ் அசோசியேஷன் உச்ச நீதிமன்றம் போனது. 1989 மார்ச்சில் வந்த தீர்ப்பு சங்கத்துக்கு முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். திருத்தம் செல்லும் என்றுதான் நீதிமன்றம் சொன்னது. ஆனால் மாநிலங்களின் கைக்கு ஒரு கடிவாளம் போட்டது. வெளிமாநிலக் கொள்முதல், இரும்பு போன்ற அறிவிக்கப்பட்ட சரக்குகள் இவற்றுக்கு அரசியல் சட்டத்தில் இருக்கிற கட்டுப்பாடுகள் ஒப்பந்த வேலைக்கும் பொருந்தும் என்றது. அதை ஒட்டி 1992-இல் வந்த இன்னொரு தீர்ப்பு, மொத்த ஒப்பந்தத் தொகையிலிருந்து கூலி, இயந்திர வாடகை, திட்டம் வரைவதற்கான கட்டணம் போன்றவற்றைக் கழித்துவிட்டுத்தான் வரி போட வேண்டும் என்று தெளிவாக்கியது. சித்தாள் தலையில் சுமந்த கூலிக்கு விற்பனை வரி கேட்க முடியாது என்று ஆனது அப்படித்தான். அப்பா காலத்து ஒப்பந்ததாரர்கள் கணக்குப் புத்தகத்தில் கூலியைத் தனியாகவும் சரக்கைத் தனியாகவும் அவ்வளவு கவனமாக எழுதியதற்குப் பின்னால் இந்தத் தீர்ப்புகள் இருந்தன.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தப் பிரிவினை போய்விட்டது. ஒப்பந்த வேலை மொத்தமும் சேவை என்று கருதப்பட்டு முழுத் தொகைக்கும் வரி. அரசு வேலை பெரும்பாலானவற்றுக்கு 12 சதவீதம் என்று இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அது 18 ஆனது. புது டெண்டருக்கு 18 சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். 12 என்று நம்பி ஒப்பந்தம் போட்டு, பாதி வேலையில் இருக்கிறவர் என்ன செய்வார்? அம்பது லட்ச ரூபாய் வேலையில் 6 சதவீதம் என்றால் மூன்று லட்சம். எங்கள் தொழிலில் பத்து சதவீதம் கையில் நின்றாலே நல்ல வேலை என்போம். அந்தப் பத்தில் ஆறு போய்விட்டால் மிச்சம் நாலுதான்.

அந்தச் சமயத்தில் எங்கள் கிளை செய்தது பெரிய போராட்டம் எல்லாம் கிடையாது. ஒரு மூத்த உறுப்பினரும் ஒரு ஆடிட்டரும் உட்கார்ந்து, வரி வித்தியாசத்தைத் துறை ஏற்க வேண்டும் என்று கேட்கிற கடிதம் ஒன்றைத் தயார் செய்தார்கள். எந்த அறிவிப்பு, எந்தத் தேதி, ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவு என்று விவரமாக இருந்தது. வேலையின் பெயரையும் தொகையையும் மட்டும் நிரப்பி ஒவ்வொருவரும் அவரவர் அலுவலகத்தில் கொடுத்தோம். ஒரே மாதிரிக் கடிதம் ஒரே வாரத்தில் பல மேசைகளுக்குப் போனபோது, "இது உங்க தனிப்பட்ட பிரச்சினை" என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சிலருக்குச் சீக்கிரம் தீர்ந்தது. சிலருக்கு நெடுநாள் இழுத்தது. ஆனால் கேட்டதற்காக யாரும் தனியாகக் குறிவைக்கப்படவில்லை.

கம்பி விலையிலும் இதையே பார்த்தோம். 2020-இல் கிலோ 45 ரூபாயை ஒட்டி இருந்தது, 2022 ஏப்ரலில் 75-ஐத் தாண்டிவிட்டது. குறுகிய கால வேலைகளில் விலை ஏற்றத்துக்கு ஈடு தருகிற பிரிவு பெரும்பாலும் இருக்காது. டெண்டரில் போட்ட ரேட்டுக்கே செய்து முடிக்க வேண்டும். 2021 பிப்ரவரியில் சங்கம் நாடு முழுக்க ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தியது. 2022 மே மாதம் மத்திய அரசு இரும்பு ஏற்றுமதிக்கு வரி போட்ட பிறகு விலை இறங்கியது. சங்கம் குரல் கொடுத்ததால்தான் இறங்கியது என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன், அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கம்பியை வாங்குகிறவன் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று டெல்லிக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

2025 ஏப்ரலில் கனிம நிலத்துக்குப் புதிய வரி வந்தபோது எம்-சாண்டும் ஜல்லியும் ஏறின, கிரஷர்கள் நின்றன. ஆற்று மணலை மறந்து எம்-சாண்டுக்கு மாறிய எங்கள் வேலைகள் எல்லாம் சென்ட்ரிங் அடித்த நிலையிலேயே நின்றுவிட்டன. இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிப் பதிவு ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

சரி, இப்போது சங்கத்தின் மறுபக்கம். இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு மரியாதை இல்லை.

ஒரே தொழில் செய்கிற நாற்பது பேர் ஒரு ஹாலில் கூடினால், அடுத்த வாரம் திறக்கப் போகிற டெண்டர் பற்றிப் பேச்சு வரத்தான் செய்யும். "இந்த வேலை அவருக்கு, அடுத்தது உங்களுக்கு" என்று பேசி முடிக்கிற வழக்கம் எங்கள் தொழிலில் பல ஊர்களில் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். சிமெண்ட் கம்பெனிகள் கூடிப் பேசியதாக நாம் புகார் கொடுத்தோமே, அதே 2002-ஆம் வருடத்துப் போட்டிச் சட்டம் டெண்டரைப் பேசிவைத்துக்கொள்வதையும் அதே பிரிவில்தான் வைத்திருக்கிறது. தொழில் சங்கங்கள் எடுக்கிற முடிவும் அந்தச் சட்டத்துக்குள் வரும்.

எங்கள் கிளையில் ஒரு பெரியவர் இருந்தார். மாதக் கூட்டத்தில் யாராவது டெண்டர் பேச்சை மெல்ல எடுத்தால் உடனே எழுந்துவிடுவார். "தம்பி, அந்தப் பேச்சு இந்த ஹாலுக்குள்ள வேண்டாம். வெளியிலயும் வேண்டாம்" என்பார். சிலருக்கு அவர்மேல் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் இருந்தவரை ஆட்சியர் அலுவலகத்தில் எங்கள் கிளை கொடுத்த எந்த மனுவையும் யாரும் சந்தேகக் கண்ணோடு பார்க்கவில்லை. பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல் சந்தை விலைக்கு ஒத்துவரவில்லை என்று நாங்கள் பில்லும் கொட்டேஷனும் வைத்துக் காட்டியபோது, உட்கார வைத்துக் கேட்டார்கள். இன்று அவர் இடத்தில் அப்படி எழுந்து நிற்க ஆள் குறைந்துவிட்டது. அது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

இன்னொரு குறை தொழிலாளர் பக்கம். ஒவ்வொரு பில்லிலும் தொழிலாளர் நலநிதிக்கு 1 சதவீதம் பிடிக்கிறார்கள். தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதல் இருக்கிறது, இந்தியாவுக்கே முன்னோடிகளில் ஒன்று. கல்வி உதவி, திருமண உதவி, விபத்து நிவாரணம், ஓய்வூதியம் என்று அதில் நிறைய உண்டு. ஆனால் என் சைட்டில் கம்பி கட்டுகிற பீகார்த் தம்பிகளில் எத்தனை பேரிடம் வாரிய அட்டை இருக்கிறது? பணம் எங்கள் பில்லிலிருந்து போகிறது, அட்டை அவர்கள் கைக்கு வருவதில்லை. விலை ஏறினால் மறுநாளே அறிக்கை விடுகிற நாம், பதிவு முகாம் ஒன்று நடத்த வருடக்கணக்கில் யோசிக்கிறோம்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அந்தச் செய்தியைப் படித்த இரவு எந்த ஒப்பந்ததாரரும் நிம்மதியாகத் தூங்கியிருக்க முடியாது. மண் பரிசோதனை அறிக்கையை ஒழுங்காகப் படிப்பது, தூணில் போகிற கம்பியைச் சரிபார்ப்பது, கான்கிரீட் கியூப் எடுத்துச் சோதிப்பது, இதையெல்லாம் ஒரு சின்ன ஒப்பந்ததாரருக்கு யார் சொல்லித் தருவார்கள்? பெரிய நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுக்குத் தனி ஆள் உண்டு. டிப்ளமோ முடித்துவிட்டு இரண்டு மேஸ்திரிகளோடு தொழில் தொடங்குகிற பையனுக்குச் சங்கம்தான் சொல்லித்தர வேண்டும். எங்கள் கிளையில் இதற்குப் பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது, நன்றாகவே நடந்தது. ஆனால் அது ஒரு செயலாளரின் ஆர்வத்தில் நடந்து, அவர் பதவி முடிந்ததும் நின்றுபோனது.

பெரியவர்கள், சின்னவர்கள் உரசல் என்று முதலில் சொன்னேன். மேம்பாலம் கட்டுகிறவருக்குக் கவலை நடுவர் தீர்ப்பாயமும் வங்கி உத்தரவாதமும். சுற்றுச்சுவர் கட்டுகிறவருக்குக் கவலை, வேலை முடிந்தும் திரும்ப வராத டெபாசிட். ஆன்லைன் டெண்டரில் டிஜிட்டல் கையொப்பம் வேலை செய்யாமல் கடைசி மணி நேரத்தில் அவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். கூட்டத்தில் முதல் வகைப் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். இரண்டாவது வகை, "இதர விஷயங்கள்" என்று கடைசியில் வரும்போது பாதிப் பேர் சாப்பிடப் போயிருப்பார்கள். உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்தால் எங்கள் கிளையில் சின்னவர்கள்தான் அதிகம். மேடையில் உட்காருகிறவர்களைப் பார்த்தால் அது தெரியாது.

வரும் பொதுக்குழுவில் நான் நாலு விஷயம் கேட்கப் போகிறேன். கிளை அலுவலகத்தில் டெண்டர் பதிவேற்றத்துக்கு உதவ ஒரு ஆளும் ஒரு கணினியும், சாயங்காலம் வரை. திரும்ப வராத டெபாசிட்டுகளின் பட்டியலை எல்லா உறுப்பினரிடமும் வாங்கி, வேலை வாரியாக, துறை வாரியாக அச்சடித்து, கிளையின் பெயரில் கொடுப்பது. யார் பணம் என்று தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நலவாரியப் பதிவு முகாம், இந்தி தெரிந்த ஒருவரை வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை. அப்புறம், ஒப்பந்ததாரர் பதிவில் சின்ன வேலைகளுக்கான கீழ் வகுப்பில் இருந்து வேலை எடுக்கிறவர்களில் இரண்டு பேருக்காவது செயற்குழுவில் இடம். பெயர் சொல்லச் சொன்னால் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள், பேசியும் வைத்திருக்கிறேன்.